அமெரிக்கப் பல்கலைக்கழகம் செல்லும் திருகோணமலை மாணவருக்கு: மாணவர் சுகாதார நிலையத்தையும் நோயாளர் போர்ட்டலையும் பயன்படுத்தும் முறை

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் செல்பவர் காலையில் போய் நம்பர் எடுத்து, வரிசையில் இருந்து, வைத்தியரைக் கண்டு, மருந்தையும் பெற்றுக்கொண்டு வீடு திரும்புவார். அவரிடம் யாரும் ஒரு சதமும் கேட்பதில்லை. காத்திருக்க விரும்பாதவர் பணம் கட்டி ஒரு தனியார் வைத்தியரைச் சனல் பண்ணிக்கொள்வார். இந்த இரண்டு வழிகளிலும் பழகிய மாணவர் அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றில் சேரும்போது, நேரம் எடுப்பது, தடுப்பூசி விபரம் கொடுப்பது, இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்ப்பது, பில் கட்டுவது என எல்லாமே நோயாளர் போர்ட்டல் எனப்படும் இணையக் கணக்கின் ஊடாக நடக்கும் ஓர் ஒழுங்குக்குள் போகிறார். காய்ச்சல் வந்த பிறகு அந்தக் கணக்கைத் திறக்க முயல்வது மிகவும் சிரமமான காரியம். ஊரில் இருக்கும்போதே செய்யக்கூடியவற்றை முதலிலும், அங்கே போனபின் செய்ய வேண்டியவற்றை அடுத்தும் இங்கே எழுதியிருக்கிறேன்.

மூன்று கணக்குகள்

புதிதாகப் போகிறவர்களைக் குழப்புவது, ஒரே நோய்க்கு மூன்று வெவ்வேறு இணையக் கணக்குகள் இருக்கக்கூடும் என்பதுதான். முதலாவது, பல்கலைக்கழகத்தின் மாணவர் சுகாதார நிலையம் நடத்தும் போர்ட்டல். பல்கலைக்கழக மின்னஞ்சலுக்குப் பயன்படும் அதே பெயரும் கடவுச்சொல்லுமே பெரும்பாலும் இதற்கும் செல்லும். இரண்டாவது, பெரிய வைத்தியசாலைகள் நடத்தும் போர்ட்டல். எபிக் என்ற நிறுவனத்தின் மைசார்ட் இவற்றுள் மிகப் பரவலானது. சுகாதார நிலையம் உங்களை எலும்பு வைத்தியரிடமோ ஸ்கான் எடுக்கவோ வெளியே அனுப்பினால், அந்த வைத்தியசாலையில் இந்தக் கணக்கு தனியாகத் திறக்கப்படும். சில பல்கலைக்கழகங்களின் சுகாதார நிலையமே மைசார்ட்டில் இயங்குவதும் உண்டு. மூன்றாவது, காப்புறுதி நிறுவனத்தின் கணக்கு. காப்புறுதி அட்டையும், எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு செலுத்தப்பட்டது என்ற விபரமும் இதில்தான் இருக்கும்.

வைத்தியருக்கு எழுத வேண்டியதைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. எனவே மூன்றின் முகவரிகளையும் ஒரே இடத்தில் எழுதி, எது எதற்கு என்று பக்கத்தில் குறித்து வைப்பது நல்லது.

புறப்படுவதற்கு முன்: தடுப்பூசி அட்டை

அனுமதிக் கடிதம் வந்து சில நாட்களில் சுகாதார நிலையத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். தடுப்பூசிப் பதிவைப் போர்ட்டலில் ஏற்றுமாறும், குறித்த திகதிக்குள் ஏற்றாவிட்டால் பாடங்களுக்குப் பதிவுசெய்வது நிறுத்திவைக்கப்படும் என்றும் அதில் இருக்கும். விசா நேர்முகத்தேர்வும் விமானச்சீட்டும் மனத்தை நிறைத்திருக்கும் நேரத்தில் இந்த மின்னஞ்சலைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். என் கருத்தில், ஊரில் செய்ய வேண்டிய வேலைகளுள் மிக அதிக நாட்கள் எடுப்பது இதுவே.

நீங்கள் பிறந்தபோது குடும்பநல உத்தியோகத்தர் கொடுத்த பிள்ளைச் சுகாதார அட்டையை முதலில் தேடி எடுங்கள். அதில் தடுப்பூசிகளின் வரிசையும், போட்ட திகதியும், மருந்தின் தொகுதி இலக்கமும் கையால் எழுதப்பட்டிருக்கும். சின்னமுத்துக்கான வரிசையைக் கூர்ந்து பாருங்கள். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசி 2011ஆம் ஆண்டு இலங்கையின் தேசியத் திட்டத்துக்குள் வரும்வரை, ஒன்பதாம் மாதத்தில் சின்னமுத்துக்கும், மூன்றாம் வயதில் சின்னமுத்துக்கும் ருபெல்லாவுக்கும் சேர்த்தும் ஊசி போடப்பட்டது. கூகைக்கட்டுக்கான ஊசி அதில் இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோ பொதுவாக எம்எம்ஆர் இரண்டு முறை போடப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்கின்றன. முதலாவது பிறந்தநாளுக்கு முன் போட்டதை அவை கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே அட்டையில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தாலும், 2011க்கு முன் இரண்டு ஊசிகளையும் பெற்றுவிட்டவருக்கு அமெரிக்கக் கணக்கின்படி எம்எம்ஆர் ஒன்றுகூட இல்லை என்றே முடியும். இது அட்டையின் பிழையுமன்று, ஊசி போட்டவரின் பிழையுமன்று. இரண்டு நாடுகளின் அட்டவணைகள் வேறு, அவ்வளவுதான்.

இதற்கு வழி இரண்டு. இரத்தத்தில் எதிர்ப்புச்சக்தி இருக்கிறதா என்று பரிசோதித்து அந்த அறிக்கையை ஏற்றலாம். அல்லது எம்எம்ஆர் ஊசியை, இடையில் குறைந்தது 28 நாட்கள் விட்டு, இரண்டு முறை போட்டுக்கொள்ளலாம். முன்னர் போட்டவருக்கு மறுபடியும் போடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் இது உயிருள்ள வைரஸைக் கொண்ட தடுப்பூசி என்பதால் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச்சக்தி குன்றியவர்களுக்கும் போடப்படுவதில்லை. இரண்டு ஊசிகளுக்கும் இடையிலான நாட்களைக் கணக்கிட்டால், புறப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பாவது தொடங்க வேண்டியிருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கொப்புளிப்பான் தடுப்பூசி நமது தேசியத் திட்டத்தில் இல்லை. சிறுவயதில் அந்த நோய் வந்துபோயிருந்தால் இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிடும். பாடசாலையில் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில் போடப்படும் ஊசி ஏற்புவலிக்கும் தொண்டைக்கரப்பனுக்கும் மட்டுமானது. குக்கலையும் சேர்த்த ஊசியை அங்கே பெரும்பாலும் கேட்பார்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 2003 முதல் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டு வருவதால், இன்று படிக்கப் போகிறவர்களின் அட்டையில் பெரும்பாலும் அது இருக்கும். விடுதியில் தங்குவோரிடம் கேட்கப்படும் மெனிஞ்சைட்டிஸ் (மூளையுறை அழற்சி) தடுப்பூசி, கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் நான்கு வகைக் கிருமிகளுக்கான ஊசியின் வகையைச் சேர்ந்ததே. அவர்கள் எங்கே போட்டார்கள் என்று கேட்டால் பாதி வேலை முடிந்தது.

காசநோய்ப் பரிசோதனை தனியாகக் கவனிக்க வேண்டியது. இலங்கையில் பிறந்தவர்களுக்குப் பிறந்தவுடனேயே காசநோய்க்கு எதிரான பிசிஜி ஊசி போடப்படுகிறது. தோளில் அதன் தழும்பு இருக்கும். தோலில் மருந்தைச் செலுத்தி வீக்கத்தை அளக்கும் பரிசோதனையில், இந்த ஊசியின் காரணமாக, நோய்க்கிருமி இல்லாதவருக்கும் இருப்பதுபோல முடிவு வரக்கூடும். அதனால் இரத்தத்தில் செய்யும் இக்ரா பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். எம்எம்ஆர் போட்ட உடனே இதைச் செய்தால் முடிவு பிழையாகலாம் என்பதால், ஊசி போடும் அன்றே இரத்தம் கொடுக்க வேண்டும். இல்லையேல் நான்கு தொடக்கம் ஆறு வாரங்கள் கழித்துக் கொடுக்க வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவில் செய்த பரிசோதனையை மட்டுமே ஏற்கும். கொழும்புக்குப் போய்ப் பணம் செலவழிக்கும் முன் போர்ட்டலின் ஊடாக அதைக் கேட்டுவிடுங்கள்.

அட்டையே இல்லாதவர்களும் நம் மாவட்டத்தில் பலர். 2004 டிசம்பரில் கடல் வந்தபோதும், 2006இல் மூதூர், சம்பூர்ப் பகுதிகளிலிருந்து சனங்கள் இடம்பெயர்ந்தபோதும், வீட்டோடு சேர்ந்து இந்த அட்டைகளும் போயின. அவர்கள் பிரதேசத்தின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பதிவேட்டின் பிரதி கிடைக்குமா என்று விசாரிக்கலாம். கிடைக்காவிட்டால் இரத்தப் பரிசோதனையும் மறு ஊசியுமே வழி. எந்தப் பல்கலைக்கழகமும் அட்டை தொலைந்ததற்காக ஒருவரைத் திருப்பி அனுப்புவதில்லை. தொலைந்த அட்டைக்குப் பதிலாக நினைவில் உள்ள திகதிகளை எழுதி ஒப்பம் வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள்.

தமிழில் எழுதப்பட்ட அட்டையாயின் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கில மொழிபெயர்ப்புப் பெற்று, மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒரே கோப்பாக ஸ்கான் செய்யுங்கள். கைபேசியில் எடுத்த, விரல் நிழல் விழுந்த படங்கள் திரும்பி வரும்.

பெயரும் திகதியும்

பாடசாலைச் சான்றிதழில் தந்தையின் பெயரின் முதலெழுத்தும் உங்கள் பெயரும். கடவுச்சீட்டில் இரண்டு பெயர்களும் முழுமையாக. தடுப்பூசி அட்டையில், பெயர் வைப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தால், தாயின் பெயர் மட்டும். நமக்குள் இது ஒரு சங்கடமும் தராது. போர்ட்டலுக்கோ பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் மட்டுமே தெரியும். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துகளில், அதே வரிசையில் எல்லா இடத்திலும் நிரப்புங்கள். சுகாதார நிலையத்தில் ஒரு விதமாகவும் வைத்தியசாலையில் வேறு விதமாகவும் கொடுத்தால், ஒரே ஆளுக்கு இரண்டு கோப்புகள் திறக்கப்பட்டு, ஒவ்வாமை விபரம் ஒன்றிலும் மருந்து விபரம் மற்றொன்றிலுமாக நிற்கும்.

திகதியிலும் கவனம் வேண்டும். நாம் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுகிறோம். அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுகிறார்கள். அட்டையில் 03/07/2009 என்றிருக்கும் யூலை மூன்றாம் நாளை அப்படியே கட்டத்தில் இட்டால், கணினி அதை மார்ச் ஏழு என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு ஊசிகளுக்கு இடையில் 28 நாட்கள் இருந்தும் இல்லை என்று பதிவு நிராகரிக்கப்படுவதற்கு இது ஒன்றே போதும்.

கணக்கைத் திறத்தல்

பல்கலைக்கழக இலக்கமும் மின்னஞ்சலும் கிடைத்த அன்றே போர்ட்டலுக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். இரண்டாம் கட்ட உறுதிப்படுத்தலுக்கு உங்கள் இலங்கைத் தொலைபேசி இலக்கத்தைக் கொடுக்காமல், கைபேசியில் நிறுவும் உறுதிப்படுத்தும் செயலியைத் தெரிவுசெய்யுங்கள். அங்கே போய்ச் சிம் மாற்றிய பிறகு ஊர் இலக்கத்துக்கு வரும் குறுஞ்செய்தியைப் படிக்க முடியாமல் கணக்குக்கு வெளியே நிற்க நேரும். மீட்புக் குறியீடுகளைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள்.

உள்ளே நுழைந்ததும் உடல்நல வரலாற்றுப் படிவம் ஒன்று இருக்கும். ஒவ்வாமை, முன்னைய சத்திரசிகிச்சை, குடும்பத்தில் உள்ள நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றை எழுதுவதில் சிரமமில்லை. நம்மவர் எழுதாமல் விடுவது இரண்டு விடயங்கள். ஒன்று, முன்னர் வந்த டெங்கு. 2017இல் கிண்ணியாவில் அது பரவியது பலருக்கு நினைவிருக்கும். வேறொரு வகை வைரஸால் இரண்டாம் முறை டெங்கு வந்தால் கடுமையாகக்கூடும் என்பதால் வைத்தியருக்கு அது பயன்படும் தகவல். மற்றது, சித்த, ஆயுர்வேத மருந்துகள். கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படும் ஊரில், லேகியத்தையும் சூரணத்தையும் மருந்தென்று சொல்ல யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. குறிப்பாகப் பற்பம், செந்தூரம் போன்ற உலோகம் சேர்ந்தவற்றை எடுத்திருந்தால் சொல்லியே ஆக வேண்டும்; ஈரல், சிறுநீரகப் பரிசோதனை முடிவுகளைப் புரிந்துகொள்ள அது தேவைப்படும்.

மருந்துகளை வணிகப் பெயரில் எழுதாமல் மூலப் பெயரில் எழுதுங்கள். அதிலும் இரண்டு மருந்துகளுக்கு அங்கே பெயரே வேறு: நமது பரசிற்றமோல் அங்கே அசிற்றமினோபென், இழுப்புக்கு உறிஞ்சும் சல்பியூற்றமோல் அங்கே அல்பியூற்றரோல். பனடோல் என்று கேட்டால் பாமசியில் புரியாமல் போகலாம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை வைத்தியரின் சீட்டின்றி அங்கே பாமசியில் வாங்க முடியாது.

நேரம் எடுத்தலும் செய்தி எழுதுதலும்

நேரம் எடுக்கும் பக்கத்தில் காரணத்தைத் தெரிவுசெய்யுமாறு கேட்கப்படும். நேரே வருவதா, காணொளியிலா என்றும் கேட்கப்படும். வர முடியாவிட்டால் முன்கூட்டியே ரத்துச் செய்ய வேண்டும்; சொல்லாமல் விட்டால் பல இடங்களில் தண்டப்பணம் உண்டு.

செய்தி அனுப்பும் வசதியே, என் பார்வையில், போர்ட்டலின் மிகப் பயனுள்ள பகுதி. ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர் ஆறுதலாக யோசித்து எழுதலாம். தொலைபேசியில் உச்சரிப்புப் புரியாத சிக்கல் இல்லை. ஆனால் “எனக்குச் சுகமில்லை, என்ன செய்வது?” என்று எழுதினால் மறுநாள் வரும் பதில் நான்கு கேள்விகளாகத்தான் இருக்கும். எப்போது தொடங்கியது, எந்த இடத்தில், எவ்வளவு கடுமை, என்ன மருந்து எடுத்தேன், அதனால் குறைந்ததா, எதற்கு ஒவ்வாமை, என்ன கேட்க விரும்புகிறேன் என்ற ஒழுங்கில் ஐந்தாறு வரிகள் எழுதினால் போதும். காய்ச்சலை அங்கே பரனைட்டில் சொல்வார்கள், 100.4 பாகை பரனைட் என்பது 38 பாகை செல்சியஸ். விடுமுறைக்கு ஊருக்கு வந்து திரும்பிய பின் காய்ச்சல் வந்தால், முதல் வரியிலேயே இலங்கையிலிருந்து எந்தத் திகதியில் வந்தேன் என்று எழுதுங்கள். டெங்குவை அன்றாடம் காணாத ஒரு வைத்தியருக்கு அந்த ஒரு வரி வழிகாட்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை அஸ்பிரினும் இபுபுரூபனும் எடுக்க வேண்டாம்.

போர்ட்டல் செய்திகளை அலுவலக நேரத்தில்தான் பார்ப்பார்கள். பதில் வர ஓரிரு வேலைநாட்கள் ஆகலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நிற்காத இரத்தப்போக்கு போன்றவற்றுக்கு 911ஐ அழைக்க வேண்டும். இங்கே 1990ஐ அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அங்கே அம்புலன்ஸுக்குப் பில் வரும். அதற்குப் பயந்து உயிராபத்தில் தாமதிக்க வேண்டாம். பில்லைப் பிறகு பேசித் தீர்க்கலாம். மனம் தாங்க முடியாத நிலையில் 988 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம் அல்லது குறுஞ்செய்தி அனுப்பலாம். பல்கலைக்கழக உளவளத்துணை நிலையத்துக்கு நேரம் எடுப்பது பெரும்பாலும் இதே போர்ட்டலில்தான். அங்கே போவதை மறைக்க வேண்டிய காரியமாக அங்கு யாரும் நினைப்பதில்லை.

சந்திப்பில் பேச்சு புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அரச நிதியைப் பெறும் வைத்தியசாலைகள் கட்டணமின்றி மொழியுதவி வழங்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். தமிழுக்குப் பெரும்பாலும் தொலைபேசியில் ஒருவர் இணைக்கப்படுவார். நேரம் எடுக்கும்போதே இதைக் குறிப்பிட்டால் அன்றைக்குத் தாமதம் இராது. அறைத்தோழரை மொழிபெயர்க்கக் கூட்டிப்போவது சொந்த விடயங்களைச் சொல்லவிடாமல் தடுக்கும்.

முடிவுகளை வாசித்தல்

2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின் காரணமாக, இரத்தப் பரிசோதனை முடிவுகள் தயாரானவுடன் போர்ட்டலில் தெரியும். பல வேளைகளில் வைத்தியர் பார்ப்பதற்கு முன்பே நீங்கள் பார்த்துவிடுவீர்கள். இரவு பதினொரு மணிக்குக் கைபேசி ஒலிக்கும்; திறந்தால் இருபது வரிகளில் இரண்டு சிவப்பு நிறத்தில், பக்கத்தில் எச் அல்லது எல் என்ற எழுத்துடன் நிற்கும். எச் என்றால் ஆய்வுகூடத்தின் எல்லையைவிடக் கூட, எல் என்றால் குறைய என்பதற்கு மேல் அதில் வேறு பொருளில்லை. எல்லையை மயிரிழையில் தாண்டிய எண்ணும் சிவப்பாகத்தான் தெரியும். வைத்தியரின் குறிப்பு வரும்வரை இணையத்தில் தேடி நித்திரையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வேலைநாட்களில் குறிப்பு வராவிட்டால் அந்த முடிவின் கீழேயே கேள்வி எழுதலாம்.

பெற்றோர் கடவுச்சொல்லைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். பதினெட்டு வயதானவரின் கோப்பை அவரது அனுமதியின்றிப் பெற்றோர் பார்க்க முடியாது என்பதே அங்குள்ள ஒழுங்கு. அம்மாவுக்கு அறிக்கையைக் காட்ட வேண்டுமானால் அதை மட்டும் பிடிஎஃப் ஆக இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அவர் அதைக் குடும்ப வைத்தியரிடம் காட்டி ஆறுதலடையட்டும்.

பணம்

மாணவர் சுகாதாரக் கட்டணமும் காப்புறுதியும் ஒன்றல்ல. கட்டணத்தைச் செலுத்தியிருந்தால் சுகாதார நிலைய வைத்தியரைக் காண்பது பெரும்பாலும் மேலதிகச் செலவின்றி நடக்கும். இரத்தப் பரிசோதனை, மருந்து, வெளி வைத்தியசாலை ஆகியவை காப்புறுதியின் கணக்கில் வரும். காப்புறுதி நிறுவனம் செலுத்தத் தொடங்குவதற்கு முன் ஆண்டுக்கு நீங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டிய தொகை டிடக்டிபிள்; ஒவ்வொரு முறையும் கொடுக்கும் சிறுதொகை கோபே. வெளியே போகுமுன் அந்த வைத்தியர் உங்கள் காப்புறுதியின் பட்டியலில் இருக்கிறாரா என்று காப்புறுதிக் கணக்கில் தேடிப் பாருங்கள். பட்டியலுக்கு வெளியே போனால் செலவு பன்மடங்காகும். சில வாரங்களில் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து பெரிய தொகைகள் அச்சிட்ட ஒரு கடிதம் வரும். அது பில் அன்று என்று அதிலேயே எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்த்துப் பணம் கட்டாமல், வைத்தியசாலையிலிருந்து பில் வந்தபின் இரண்டையும் ஒப்பிட்டுக் கட்டுங்கள்.

பிரித்தானியாவுக்குப் போகிறவர்களுக்கு ஒழுங்கு வேறு: விசாவுடனேயே ஆண்டுக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம் செலுத்தப்படும், போனவுடன் அருகிலுள்ள ஜிபி எனப்படும் குடும்ப வைத்தியர் நிலையத்தில் பதிந்தால், இங்கிலாந்தில் அரச சுகாதார சேவையான என்எச்எஸ்ஸின் செயலியே போர்ட்டலாகப் பயன்படும். கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். ஒன்ராறியோவின் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்கு யூஹிப் என்ற காப்புறுதி உண்டு. அந்த இரண்டு நாடுகளிலும் இரத்தச் சீனியை நாம் பழகிய அளவில் காட்டமாட்டார்கள். அவர்களின் எண்ணை 18ஆல் பெருக்கினால் நமது எண் வரும்.

படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகக் கணக்கு மூடப்படும். அதனுடன் போர்ட்டலும் போய்விடலாம். பட்டமளிப்புக்கு முந்திய மாதத்திலேயே தடுப்பூசிப் பதிவு, பரிசோதனை முடிவுகள், சந்திப்புக் குறிப்புகள், மருந்துப் பட்டியல் ஆகியவற்றை இறக்கி, உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். வேலைக்கோ மேற்படிப்புக்கோ அடுத்த இடம் போகும்போது அதே தடுப்பூசிப் படிவம் மறுபடியும் வரும்.